கல்லீரல் கொழுப்பும் இதய நலமும்: தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கான விளக்கம்

வயிற்று வலிக்காகவோ சிறுநீரகக் கல் இருக்குமோ என்ற ஐயத்தாலோ எடுக்கப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரிகளில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்ற குறிப்பு இடம்பெறுவது இன்று தமிழ்நாட்டில் அரிதன்று. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் வேலை செய்பவர்கள் அந்தக் குறிப்பைப் பெரும்பாலும் இரண்டு விதமாக எதிர்கொள்கின்றனர். "எல்லாருக்கும் இருப்பதுதான்" என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவது ஒன்று. மருந்துக் கடையில் கல்லீரல் டானிக் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதுவது மற்றொன்று. இரண்டுமே அறிக்கையைத் தவறாகப் படிப்பதன் விளைவு. கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களில் கல்லீரல் செயலிழந்து இறப்பவர்களைவிட இதய நோயால் இறப்பவர்களே அதிகம் என்பது பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மையாதலால், அந்த வரியை இதயத்தைப் பற்றிய முன்னறிவிப்பாகப் படிப்பதே சரியாகும்.

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்திற்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படுகிறது. நெடுங்காலம் 'மது சாராத கல்லீரல் கொழுப்பு நோய்' என்று வழங்கிய இந்நிலைக்கு, 2023ஆம் ஆண்டு பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் கொழுப்பு நோய்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டன. வளர்சிதை மாற்றம் என்பது உண்ட உணவை உடல் ஆற்றலாகவும் சேமிப்பாகவும் மாற்றும் செயல்பாடு. புதிய வரையறையின்படி, கல்லீரல் கொழுப்போடு ஐந்து அடையாளங்களுள் ஒன்றேனும் இருக்க வேண்டும்: அதிக உடல் எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, உயர்ந்த இரத்தச் சர்க்கரை, 130/85ஐத் தொடும் அல்லது தாண்டும் இரத்த அழுத்தம், 150ஐத் தொடும் அல்லது தாண்டும் ட்ரைகிளிசரைடு, குறைந்த ஹெச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பு. இந்த ஐந்தும் இதய நோய்க்கான காரணிகளாகவே மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருபவை. ஆக, நோயின் வரையறைக்குள்ளேயே இதயம் வந்து அமர்ந்துவிட்டது.

இந்நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 'க்யூர்ஸ்' என்ற ஆய்வின் பகுதியாகச் சென்னைவாசிகள் 541 பேரை ஸ்கேன் செய்து 2009இல் வெளியிட்ட முடிவில், 32 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது, ஆண்களில் 35.1, பெண்களில் 29.1 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தபோது அது பாதிக்கும் மேலாக உயர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய 'இந்தியாப்' ஆய்வு 2023இல் தமிழ்நாட்டின் நீரிழிவு விகிதத்தை 14.4 சதவீதம் என்று கணக்கிட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில்கூட இந்நோய் உள்ளவர்கள் ஒருவர் இருவராக இருக்க வழியில்லை.

கல்லீரலிலிருந்து இரத்தக் குழாய் வரை

உணவில் மிஞ்சும் ஆற்றலைத் தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசு சேமிக்கிறது. அந்தக் கிடங்கு நிரம்பியபின் வந்து சேரும் சரக்கு, வைக்க இடமில்லாமல் கல்லீரல், கணையம், குடலைச் சுற்றிய பகுதி என்று கண்ட இடத்தில் இறக்கப்படுகிறது. தென்னாசியர்களுக்கு இந்தக் கிடங்கு இயல்பிலேயே சிறியது என்பதால், ஐரோப்பியர் ஒருவருக்குத் தீங்கு செய்யாத எடையிலேயே இங்குள்ளவருக்குத் தொல்லை தொடங்கிவிடுகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் சரிவரப் பணிவதில்லை. இரத்தத்தில் போதிய சர்க்கரை இருக்கும்போதும் மேலும் சர்க்கரையை உற்பத்தி செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இதை இன்சுலின் எதிர்ப்பு நிலை என்பர். அதோடு, தன்னிடம் குவிந்த கொழுப்பை ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி இரத்தத்தில் விடுவதால், நல்ல கொழுப்பு குறைந்து, கெட்ட கொழுப்பாகிய எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்ந்து, இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் எளிதில் நுழையும் வடிவத்தைப் பெறுகின்றன.

கதை இத்தோடு முடிவதில்லை. இரத்தம் உறைவதற்கான புரதங்களில் பெரும்பான்மையைச் செய்வது கல்லீரலே. அழற்சியின் அளவுகோலாகப் பரிசோதிக்கப்படும் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரப்பதும் அதுவே. கொழுப்பால் எரிச்சலுற்ற கல்லீரல் இவற்றை மிகுதியாகச் சுரக்கும்போது, குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கவும் அதன்மேல் இரத்தக் கட்டி உருவாகவும் சூழல் அமைகிறது. மாரடைப்பு என்பது இந்தக் கடைசி நிகழ்ச்சிதான். இதயத் தசை விறைத்துப்போவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியனவும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

58 லட்சம் பேரை உள்ளடக்கிய 36 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகளின் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றும், கல்லீரலில் தழும்பு முற்றியவர்களுக்கு இரண்டரை மடங்கு என்றும் கண்டது. அமெரிக்க இதயச் சங்கமும் 2022இல் இதைத் தனி அறிக்கையாகவே வெளியிட்டு எச்சரித்தது. தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, பிற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்று 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவுகள் காட்டியிருப்பதால், இங்கே காத்திருக்கும் அவகாசமும் குறைவு.

ஒல்லியாக இருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைப்பது இயல்பு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதிக எடையும் இல்லை, தொப்பையும் இல்லை. மூட்டை தூக்குபவர்களும் உருக்காலைகளில் நாளெல்லாம் வியர்ப்பவர்களும் இந்தக் கண்டுபிடிப்பைக் கவனத்தில் கொள்ள வேண்டும். உடல் உழைப்பு உதவும், ஆனால் முழுக் காப்பீடு ஆகாது.

அறிக்கையைப் படிக்கும் முறை

ஸ்கேன் அறிக்கையில் வரும் கிரேடு 1, 2, 3 என்ற எண்கள் கல்லீரல் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதை, அதாவது கொழுப்பின் அளவை மட்டுமே குறிப்பவை. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. கொழுப்பு குறைவாக இருந்து தழும்பு அதிகமாக இருப்பதும் உண்டு. முற்றிய நிலையில் கொழுப்பே மறைந்துபோவதும் உண்டு. எனவே 'கிரேடு 1 தானே' என்ற ஆறுதலுக்கும் 'கிரேடு 2 ஆகிவிட்டதே' என்ற கலக்கத்திற்கும் ஆதாரம் குறைவு. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற நொதிகளின் அளவு சரியாக இருப்பதும் நோயில்லை என்பதற்குச் சான்றன்று, ஏனெனில் நோயுள்ள பலருக்கு அவை இயல்பாகவே இருக்கின்றன.

தழும்பு இருக்கக்கூடுமா என்பதை அறிய, செலவில்லாத ஒரு கணக்கு உண்டு. 'ஃபிப்-4' என்று பெயர்பெற்ற அதில் வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தட்டணுக்களை ஆயிரங்களில் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, 45 வயதுள்ள ஒருவருக்கு எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணுக்கள் 1,80,000 என்று கொண்டால், 45ஐ 48ஆல் பெருக்க 2160, 64இன் வர்க்கமூலம் 8, 180ஐ எட்டால் பெருக்க 1440, வகுத்தால் 1.5. விடை 1.3க்குக் கீழிருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, 2.67க்கு மேலிருந்தால் கல்லீரல் மருத்துவரிடம் செல்வது அவசியம். இடைப்பட்ட எண்ணுக்கு, இந்த எடுத்துக்காட்டில் உள்ளவரைப் போல, ஃபைப்ரோஸ்கேன் என்னும் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் வலியில்லாத பரிசோதனை தேவைப்படும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 1.3 அன்று, 2 ஆகும். 35 வயதுக்குட்பட்டவர்களிடம் இக்கணக்கை அவ்வளவாக நம்ப முடியாது.

இதயத்திற்கான பரிசோதனைகள் இதைவிட எளியவை. ஆனால் விட்டுப்போவதும் அவையே. கல்லீரலில் கொழுப்பு என்று தெரிந்தவுடன் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியாகிய ஹெச்பிஏ1சியும், கொழுப்புப் பட்டியல், சிறுநீரகத்திற்கான கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். இடுப்பைச் சுற்றி நாடாவால் அளந்து ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையோடு ஒப்பிட வேண்டும். பேன்ட் சைஸ் இந்த அளவைக் காட்டாது, ஏனெனில் அது தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கிறது. நாடாவைத் தொப்புளை ஒட்டியே பிடிக்க வேண்டும். உரத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் கல்லீரலையும் இதயத்தையும் ஒருசேரத் தாக்குவது.

இப்பரிசோதனைகளுக்காகப் பெரிய மருத்துவமனைகளின் மாஸ்டர் செக்கப் தேவையில்லை. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் ஈஎஸ்ஐ திட்டத்திற்குள் வருவதால், ஒப்பந்தக்காரர் மாறினாலும் தங்கள் காப்பீட்டு எண்ணைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்களுக்கான பரிசோதனை இலவசம். மத்திய அரசு 2021 பிப்ரவரியில் கல்லீரல் கொழுப்பு நோயையும் தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. தமிழக அரசு 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் ஆலைகளுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி காக்களூருக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

சாப்பாடும் இரவு ஷிப்டும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளுக்கே உணவகத்தைக் கட்டாயமாக்கியது. காக்களூர்ப் பேட்டையின் சிறு பட்டறைகள் அந்த எண்ணை எட்டுவதில்லை. விளைவாக, தொழிலாளியின் உணவை முடிவுசெய்வது வாயிலுக்கு வெளியே நிற்கும் தள்ளுவண்டியும் டீக்கடையும் பரோட்டாக் கடையுமாக அமைகிறது. இதைத் தனிமனிதரின் நாக்குச் சபலம் என்று ஒதுக்கிவிடும் அறிவுரைகள் பாதிப் பயனே தரும்.

டீயிலிருந்து தொடங்கலாம். ஒரு சிறு கிளாஸ் டீயில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 10 கிராம். இரவு ஷிப்டில் ஐந்து டீ குடிப்பவர் 50 கிராம் சேர்த்துக்கொள்கிறார். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. சர்க்கரையின் பாதியாகிய ஃபிரக்டோஸ் பெருமளவு கல்லீரலாலேயே கையாளப்பட்டு, மிகும்போது கொழுப்பாக மாற்றப்படுகிறது என்பதால், கோடையில் உலைக்களத்தின் வெக்கைக்கு வாங்கிக் குடிக்கும் குளிர்பானம் கல்லீரலுக்கு நேரடியாகச் சேரும் சுமை. அதற்கு நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் மாற்றாகலாம். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றின் உப்பு இரத்த அழுத்தத்தில் போய்ச் சேரும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரையில்லாத காபி கல்லீரலுக்கு நன்மை செய்வதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. பானங்களில் நற்சான்று பெற்றது அதுவொன்றுதான் என்பது வேடிக்கை.

இந்தியர்கள் தங்கள் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகின்றனர் என்பது இந்தியாப் ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. காலையில் இட்லி, மதியம் குவித்த சோறு, இரவில் பரோட்டா என்ற வரிசையில் புரதத்திற்கு இடமே இல்லை. சோற்றை அடியோடு விடச் சொல்வது நடக்கிற காரியமன்று. 'ஃபுல் மீல்ஸ்' கேட்பதை விட்டு 'அளவுச் சாப்பாடு' வாங்கி, அதோடு ஒரு முட்டையோ சுண்டலோ மீன் குழம்போ சேர்ப்பது நடக்கும். ஆலையில் உணவகம் நடத்துபவர்கள் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ பயன்படுத்துவதும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாமல் இருப்பதும், இரவு நேரத்திலும் சுண்டல் கிடைக்கச் செய்வதும் நூறு அறிவிப்புப் பலகைகளைவிடப் பயன்தரும்.

இரவு ஷிப்டுக்குத் தனிக் கவனம் தேவை. உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரம் இரவில் இன்சுலினின் வேலையைத் தணித்துவிடுவதால், அதே உணவு நள்ளிரவில் உண்ணப்படும்போது சர்க்கரையைக் கூடுதலாக உயர்த்துகிறது. ஷிப்டுக்குக் கிளம்புமுன் முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நடு இரவில் இலேசாக ஏதேனும் உண்டு, விடிந்தபின் கனமான டிபன் சாப்பிட்டு உடனே படுப்பதைத் தவிர்ப்பது ஒரு வழி. ஓ.டி. பார்த்து அடுத்தடுத்து இரண்டு ஷிப்டுகள் நிற்பவருக்கு எந்த உணவுத் திட்டமும் முழுமையாக உதவாது. வாரத்திற்கு ஒரு முறை ஷிப்டை மாற்றும் ஆலைகள் அந்தச் சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்ற முன்னோக்கிய வரிசையில் அமைத்தால் உறக்கம் ஓரளவு தப்பும்.

எடையைக் குறைப்பதில் எவ்வளவு என்ற கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 7 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 சதவீதம் குறைந்தவர்களில் தழும்பே பின்வாங்கியதைக் கியூபாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது சுமார் 5 கிலோ. வாரத்திற்கு 150 நிமிட வேக நடை எடை குறையாதபோதும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது, இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது. புகையிலை கல்லீரலைவிட இதயத்தையே முதலில் தாக்கும். பீடியும் ஹான்ஸ் போன்ற வாயில் அடக்கும் புகையிலையும் இதில் சிகரெட்டுக்குச் சளைத்தவை அல்ல.

குவார்ட்டர் கணக்கு

'மது சாராத' நோய் என்ற பழைய பெயர் பலருக்கு ஒரு தப்பும் வழியைத் தந்தது. டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மி.லி. குவார்ட்டர் பாட்டிலில் 42.8 சதவீதம் மது என்றால், அதிலுள்ள தூய ஆல்கஹால் சுமார் 61 கிராம். நாளுக்கு ஒரு குவார்ட்டர் குடிப்பவர் வாரத்திற்கு ஏறத்தாழ 427 கிராம் குடிக்கிறார். ஆண்களுக்கு வாரம் 210 கிராமுக்கு மேல் என்றால் கொழுப்பு நோயோடு மதுவின் பாதிப்பும் சேர்ந்த கலப்பு நிலை என்றும், 420 கிராமைத் தாண்டினால் மதுவால் வந்த கல்லீரல் நோய் என்றுமே புதிய வரையறை வகைப்படுத்துகிறது. 'ஒரே ஒரு குவார்ட்டர்' என்பது, ஆகவே, மிதமான அளவுமன்று, கலப்பு நிலையுமன்று. சனிக்கிழமை மட்டும் இரண்டு குவார்ட்டர் என்ற வழக்கம் வாரக் கணக்கில் தப்பினாலும், ஒரே இரவில் இரத்த அழுத்தத்தை ஏற்றி இதயத் துடிப்பைத் தடம்புரளச் செய்யக்கூடியது. கல்லீரலில் கொழுப்பு ஏற்கெனவே உள்ளவருக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல மருத்துவத்தால் இயலவில்லை.

மதுவைத் தொடாதவரின் கல்லீரலையும் ஆலையின் காற்று கெடுக்கலாம். அமெரிக்காவின் லூயிவில் நகரில் வினைல் குளோரைடு ஆலைத் தொழிலாளர்களிடம் 1974இல் அரிய வகைக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அங்கேயே பின்னர் நடந்த ஆய்வில் பருமன் இல்லாத தொழிலாளர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் இருந்தது தெரியவந்தது. செயற்கைத் தோல், மருந்து மூலப்பொருள் ஆகியவற்றின் தயாரிப்பில் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடும் கல்லீரலுக்கு நஞ்சு. கரைப்பான்களோடு வேலை செய்பவர்கள் எந்த வேதிப்பொருளைக் கையாள்கிறோம் என்பதை மருத்துவரிடம் பெயரோடு சொல்ல வேண்டும். அது கேட்கப்படாமல் போகும் கேள்வி.

மாத்திரைகள்

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரையை, கல்லீரலில் கொழுப்பு என்று கேள்விப்பட்டவுடன் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் பலர். இது ஆபத்தான தவறு. ஸ்டேட்டின் இவர்களுக்குப் பாதுகாப்பானது என்பதும், மாரடைப்பைத் தடுப்பதில் இவர்களுக்கு நல்ல பலன் தருகிறது என்பதும் நிறுவப்பட்டவை. கல்லீரல் நொதிகளை அடிக்கடி பரிசோதிக்கும் வழக்கமே தேவையில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் அறிவித்தது. மாறாக, முதுகு வலிக்கும் கால் வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டுபவை. இவற்றுக்குப் பயப்பட வேண்டியவர்கள் ஸ்டேட்டினுக்குப் பயப்படுகின்றனர்.

கீழாநெல்லியும் பாட்டில் டானிக்குகளும் கல்லீரல் கொழுப்பைக் கரைத்து இதயத்தைக் காக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைக் கலவைகள் கல்லீரலைத் தாக்குவதும் உண்டு. இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் 2024இல் ரெஸ்மெட்டிரோம், 2025இல் செமாகுளூட்டைட் என்ற மருந்துகளும், இந்தியாவில் 2020இல் சரோகிளிட்டசாரும் ஒப்புதல் பெற்றுள்ளன. யாருக்கு எது என்பது மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. எடை, சர்க்கரை, அழுத்தம் மூன்றையும் கட்டுக்குள் வைக்காமல் இவற்றால் மட்டும் பயனில்லை.

நெஞ்சு வலி வந்தால்

மேல்வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை ஆகியவற்றை 'கேஸ் ட்ரபிள்' என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு ஷிப்டை முடிக்கப் பார்ப்பதே தொழிற்பேட்டைகளில் நேரத்தை வீணாக்கும் முதற் காரணம். கல்லீரல் கொழுப்போ சர்க்கரையோ உள்ளவருக்கு இந்த வலி பத்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். அவர் தானே பைக்கை ஓட்டிச் செல்லக் கூடாது. 2023 ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேட்டின் அடங்கிய முதல் தவணை மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன என்பதால், தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுமுன் அருகிலுள்ள நிலையத்தில் அவற்றைப் பெறுவது உயிர்காக்கலாம். இரவு ஷிப்டு நடக்கும் ஒவ்வோர் ஆலையிலும் வாயிற்காவலரிடம் அருகிலுள்ள நிலையத்தின் பெயரும், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும், நோயாளியை ஏற்றிச் செல்ல ஒரு வாகனமும் எப்போதும் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் மிகுந்த கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இந்த விவரங்களை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்ட வேண்டும். வலி வந்தவருக்குத் தமிழ் தெரியாதபோது அருகில் நிற்பவர் அதைப் படித்து 108க்குச் சொல்ல முடியும்.